கட்டிப்போடும் கருணை!

நாயைக் கட்டுகிறார்கள், கடித்துவிடும் என்று. மாட்டைக் கட்டுகிறார்கள், மேய்ந்துவிடும் என்று. திருடனைக் கட்டுகிறார்கள், ஓடிவிடுவான் என்று. குழந்தையைக் கட்டுகிறார்களே, எதற்காக? கேட்டுப் பாருங்கள்! "அன்பினால்" என்பார்கள். "அவன் நன்மைக்காக" என்பார்கள். "பாதுகாப்புக்காக" என்பார்கள், முகம் சுளிக்காமல், குரல் நடுங்காமல்!

நாய்க்கும் மாட்டுக்கும் வாதாட ஆளில்லை. திருடனுக்கு உண்டு. 1980-ஆம் ஆண்டில், பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் மூலம் உச்ச நீதிமன்றம் காவல் துறையைப் பார்த்துக் கேட்டது: கைவிலங்கு பூட்டுகிறாயே, காரணம் என்ன? தப்பியோடுவதைத் தடுக்க வேறு வழியே இல்லையா? இல்லையென்றால் அந்தக் காரணத்தை எழுதி வை! எழுதி வைக்காமல் பூட்டும் விலங்கு மனிதத் தன்மைக்கே மாறானது! கொள்ளையடித்தான் என்று குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் அந்த மாண்பு உண்டு. அவன் கையைக் கட்டுமுன் காரணம் கூறியாக வேண்டும்.

ஆறு வயதுச் சிறுவன். பேச்சு வரவில்லை. ஓரிடத்தில் உட்கார மாட்டான். எழுவான், சுற்றுவான், சன்னல் கம்பியைப் பற்றி ஆடுவான். அவனை நாற்காலியில் அமர்த்தி, இடுப்பைச் சுற்றித் துப்பட்டாவால் இறுக்கி, பின்னால் முடிச்சுப் போடுகிறார்கள். அவனுக்காகக் காரணம் கேட்பவர் யார்? எழுதி வைக்கச் சொன்னவர் யார்? குற்றவாளிக்குக் கிடைத்த கேள்வி குழந்தைக்குக் கிடைக்கவில்லையே, இது நாகரிகமா? நாம் கேட்கிறோம்!

கட்டுவது என்றால் கயிறு மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். சுவரோரம் அமர்த்தி, எழ முடியாதபடி மேசையை நெருக்கி வைப்பதும் கட்டுதான். சக்கர நாற்காலியின் பட்டையைத் தேவையின்றி இறுக்கி, நாள் முழுவதும் ஒரே மூலையில் நிறுத்திவிடுவதும் கட்டுதான். கையைக் கடித்துக்கொள்கிறான் என்று இரு கைகளையும் முதுகுப்புறம் பிணைப்பதும், பெரியவர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தரையில் குப்புறக் கிடத்தி மேலே அழுந்துவதும், "அமைதி அறை" என்று பெயர் சூட்டி வெளியே தாழிடுவதும் எல்லாம் கட்டின் கிளைகளே. பெயர்கள் மட்டும் அழகழகாக உலவுகின்றன: ஒழுங்கு, பயிற்சி, பாதுகாப்பு, நடத்தைச் சீராக்கம்! பெயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது கயிறுதான்.

இந்தப் பெயர் சூட்டும் கலை நமக்குப் புதிதல்ல. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் இன்றும் உண்டு. மணலில் எழுதினோம், ஓலையில் படித்தோம், எண்சுவடி மனப்பாடம் என்று இனிக்க இனிக்கப் பேசுவர். அந்தத் திண்ணையின் உத்திரத்தில் தொங்கிய கயிற்றை மட்டும் மறந்துவிடுவர்! சிறுவனின் கைகளைப் பிணைத்து அந்தக் கயிற்றில் தொங்கவிடுவார் வாத்தியார். அதற்குப் பெயர் கோதண்டம்! இராமன் கை வில்லுக்கு என்ன பெயரோ, அதே பெயர்! பிள்ளையின் தோள் விண்விண்ணென்று தெறிக்கத் தொங்கவிடும் கயிற்றுக்குத் தெய்வத்தின் படைக்கலப் பெயரைத் தந்துவிட்டால், தாயும் கேள்வி கேட்க மாட்டாள், தந்தையும் வாய் திறக்க மாட்டான். கேள்வி கேட்பதாவது! "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள்" என்று கூறி ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் அல்லவா அவர்கள்! "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி துணைக்கு இருந்தது. மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் சொன்னது அந்தக் காலம்.

திண்ணை போயிற்று, கட்டடம் வந்தது. ஓலை போயிற்று, கணினி வந்தது. கோதண்டமும் போயிற்று. கயிறு போயிற்றா? அதுதான் கேள்வி.

"இதெல்லாம் ஏழை நாட்டின் இயலாமை. பணமிருந்தால் கயிறு தானே அவிழும்" என்று ஆறுதல் கூறுவோர் உள்ளனர். பணம் மலையெனக் குவிந்து கிடக்கும் நாடுகளைப் பார்ப்போம். அங்கே என்ன நடந்தது?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், 2002-ஆம் ஆண்டு மார்ச் திங்களில், 14 வயது மாணவன் ஒருவனுக்கு மதிய உணவு தராமல் நிறுத்தி வைத்தனர். சின்னஞ்சிறு வயதில் வீட்டிலே பட்டினி போடப்பட்டவன் அவன். அரசு மீட்டு வளர்ப்பு இல்லத்தில் சேர்த்திருந்தது. பசித்தவன் வகுப்பைவிட்டு வெளியேற முயன்றான். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆசிரியை அவனைத் தரையில் குப்புறத் தள்ளி மேலே அழுந்தினார். மூச்சு விட முடியவில்லை என்றான் சிறுவன். அழுத்தம் தளரவில்லை. வகுப்பறையிலேயே மூச்சு நின்றது.

இங்கிலாந்தில், 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ரெயின்ஸ்புரூக் என்னும் சிறார் காவல் மையத்தில், 15 வயதுச் சிறுவன். எடை 41 கிலோ அளவே! ரொட்டி வாட்டும் கருவியைத் துடைப்பது பற்றிய சச்சரவில் தொடங்கியது. பணியாளர் மூவர் அவனை அமர்த்தி வளைத்துப் பிடித்தனர். மூச்சு முட்டுகிறது என்றான், வாந்தி எடுத்தான், இறந்தான். அவர்கள் பிடித்த பிடி கற்றுக்கொடுக்கப்பட்ட பிடி. அரசு ஒப்புதல் பெற்ற பிடி. அதன் பெயர் என்ன தெரியுமா? "அமர்நிலை இரட்டை அணைப்பு!" அணைப்பாம்! தாய் பிள்ளையை அணைப்பாள், பிள்ளை உறங்கும். இவர்கள் அணைத்தார்கள், பிள்ளை எழவேயில்லை. அவன் மறைந்த பிறகுதான் அந்த அணைப்புக்குத் தடை வந்தது.

மீண்டும் அமெரிக்கா. மிச்சிகன் மாநிலம், கலமசூ நகரம், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 29. சிறார் இல்லம் ஒன்றின் உணவுக் கூடத்தில் 16 வயதுச் சிறுவன் ரொட்டித் துண்டை வீசி எறிந்தான். ஆடவர் பலர் அவன்மீது விழுந்து அமுக்கினர். ஏறத்தாழ 12 நிமிடம்! மே முதல் நாள், தொழிலாளர் திருநாளன்று, மருத்துவமனையில் அவன் உயிர் பிரிந்தது.

மூன்று பிள்ளைகள். ஒருவனுக்கு மறுக்கப்பட்ட உணவு, ஒருவனுக்கு ரொட்டி வாட்டும் கருவி, ஒருவனுக்கு எறிந்த ரொட்டித் துண்டு. உலகத்தை உலுக்கும் குற்றமா இவற்றுள் ஏதேனும்? கத்தி எடுத்தானா? தீ வைத்தானா? வயிற்றோடும் வாயோடும் சேர்ந்த சிறு சச்சரவு! வீட்டிலே நடந்திருந்தால் அரை மணி நேரத்தில் அம்மாவும் பிள்ளையும் சிரித்துப் பேசியிருப்பார்கள்.

இந்தச் சாவுகள் தற்செயல் அல்ல என்பதை அறிவியல் விளக்குகிறது. மூச்சு உள்ளே வர நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையே உள்ள உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். குப்புறக் கிடத்தி முதுகில் எடையை ஏற்றினால் இரண்டும் தடைப்படும். காற்றுக்காக உடல் தவிக்கும், திமிறும், உதறும். அமுக்குகிறவர் கண்ணுக்கு அந்தத் தவிப்பு எப்படித் தெரிகிறது? "இன்னும் அடங்கவில்லை" என்று தெரிகிறது! ஆகவே இன்னும் அழுத்துகிறார். உயிருக்காகத் திமிறுவது திமிர் எனப்படுகிறது. பின்னர் உடல் ஓய்கிறது. "அடங்கிவிட்டான்" என்கிறார். அடங்கியது பிடிவாதமா? மூச்சு!

"பேசுகிறானே, பேச முடிந்தால் மூச்சும் விட முடியும்" என்பது ஒரு வாதம். இதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதைவிடக் கொடிய மூடநம்பிக்கை. நெஞ்சில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காற்றை வெளியே விட்டாலே சொல் பிறந்துவிடும். உயிர் நிலைக்க வேண்டிய காற்று உள்ளே போகிறது என்பதற்கு அந்தச் சொல் சான்றாகாது. பூனை நம்பிக்கையால் கெடுவது ஒரு பயணம்; இந்த நம்பிக்கையால் கெடுவது ஓர் உயிர்.

மூன்று சாவை வைத்துக்கொண்டு முழக்கமிடுகிறோம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கக் கல்வித் துறையே எண்ணிச் சொன்ன கணக்கு இருக்கிறது. 2017-18 கல்வியாண்டில் பிடித்து அமுக்கப்பட்டோர், கருவியால் கட்டப்பட்டோர், தனியறையில் அடைக்கப்பட்டோர் என அந்நாட்டுப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,02,000 மாணவர்கள்! மொத்த மாணவர்களில் ஊனமுற்றோருக்கான சிறப்புக் கல்வி பெறுவோர் 13 விழுக்காடு. பிடித்து அமுக்கப்பட்டோரில் அவர்கள் 80 விழுக்காடு! எண்களே பேசுகின்றன. கட்டுவோரின் கை யாரைத் தேடிச் செல்கிறது? வலியவனையா? முரடனையா? வாய் பேச இயலாதவனை, வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல முடியாதவனை, சொன்னாலும் நம்பப்படாதவனைத் தேடிச் செல்கிறது.

இலினாய்ஸ் மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் இரு செய்தி நிறுவனங்கள் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், அம்மாநிலப் பள்ளிகளில் பிள்ளைகள் 20,000 தடவைக்கு மேல் தனியறையில் அடைக்கப்பட்டிருந்தனர். வெளியே அமர்ந்த பணியாளர்கள் கையில் ஏட்டை வைத்துக்கொண்டு, உள்ளே அழும் பிள்ளை என்ன சொல்கிறது, எப்படித் தவிக்கிறது என்பதை நிமிடக் கணக்காக எழுதி வைத்திருந்தனர். எண்ணிப் பாருங்கள்! கதவுக்கு அந்தப் பக்கம் கதறல். இந்தப் பக்கம் கையெழுத்து. எழுதும் கைக்குத் தாழ்ப்பாளை நீக்கத் தெரியவில்லை! செய்தி வெளியான மறுநாளே மாநில அரசு அவசரத் தடை போட்டது. ஒரே நாளில் போடக்கூடிய தடையை அதுவரை போடாமல் இருந்தது ஏன்?

நாடு முழுமைக்கும் ஒரு தடைச் சட்டம் வேண்டுமென்று முயன்றோர் உண்டு. 2009-ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை தந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் கட்டுவதையும் அடைப்பதையும் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை என்று அது கண்டது. 2010-இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது; மேலவையிலே அது மூச்சடங்கிற்று. மசோதாவும் அந்தப் பிள்ளைகளைப் போலவே ஆயிற்று!

ஆக, பணம் கயிற்றை அவிழ்க்காது என்பது தெளிவு. பணமிருக்கும் இடத்தில் கயிற்றுக்குப் பதில் பட்டை. பட்டைக்குப் பதில் பஞ்சு வைத்துத் தைத்த அறை. அவ்வளவே வேறுபாடு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிறர் வீட்டுக் கூரையைப் பார்த்துக் கல்லெறிந்துவிட்டு நம் வீட்டு விரிசலை மறைப்பது பகுத்தறிவாளர் பழக்கமல்ல.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவை நாடி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுவார்கள் உற்றார். நோய் தீரும்வரை தங்கவைக்கத் தனியார் விடுதிகள் முளைத்திருந்தன. விடுதி என்பது மரியாதைப் பெயர். ஓலைக் கொட்டகை என்பது உண்மைப் பெயர். அங்கே நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். விடியுமுன் தீப்பிடித்தது. கால் உள்ளவன் ஓடலாம். காலிலே சங்கிலி உள்ளவன் எங்கே ஓடுவான்? 28 பேர் வெந்து மடிந்தனர். அவர்களைக் கொன்றது தீ என்று எழுதினார்கள். தீ பிறகு வந்தது. சங்கிலி முன்பே வந்துவிட்டது!

அங்கே சங்கிலிக்குப் பெயர் தெய்வ அருள். திண்ணையிலே கயிற்றுக்குப் பெயர் கோதண்டம். ரெயின்ஸ்புரூக்கில் பிடிக்குப் பெயர் அணைப்பு. இன்றைய காப்பகத்திலே துப்பட்டாவுக்குப் பெயர் பாதுகாப்பு. மதம் மாறும், மொழி மாறும், சீருடை மாறும். கட்டப்பட்டவனிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காத வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஏர்வாடியின் சாம்பலிலிருந்து ஒரு பாடம் எழுந்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. ஆண்டுகள் உருண்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. 97-ஆம் பிரிவு தனியறைச் சிறையைத் தடுக்கிறது. உடலைப் பிணைத்துக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைக்கு ஒரு நொடியும் மிகாமல், ஏட்டில் பதிந்து, 24 மணி நேரத்துக்குள் அவருக்கு வேண்டியவரிடம் தெரிவித்து. தண்டனையாக ஒருபோதும் கூடாது. இன்னொன்றும் சொல்கிறது அந்தப் பிரிவு, பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க ஒன்று: பணியாளர் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக் கூடாது!

தோழர்களே, இந்த வரியை நினைவில் வையுங்கள். ஆள் இல்லை என்பது கட்டுவதற்குக் காரணமாகாது என்று மனநல மருத்துவமனையைப் பார்த்துச் சட்டம் சொல்லிவிட்டது. வளர்ந்த மனிதனுக்கு, மருத்துவர் அருகிருக்கும் இடத்தில், இந்தக் காப்பு. மருத்துவரே இல்லாத சிறப்புப் பள்ளியில், பேசத் தெரியாத பிள்ளைக்கு?

பள்ளிக்கும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லங்களில் அடிப்போருக்குத் தண்டம் விதிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவனுக்கும் விலங்கோ சங்கிலியோ பூட்டலாகாது என்று போலீசாருக்குக் கட்டளையிடுகின்றன. நல்ல சட்டங்கள். நாம் வாழ்த்துகிறோம். ஆனால் கயிற்றின் தந்திரம் என்ன தெரியுமா? "நான் தண்டனை அல்லவே! நான் பாதுகாப்பு!" என்று சொல்லிக்கொண்டே அது அந்தச் சட்டங்களின் சந்திலே நுழைந்து போய்விடுகிறது. பிரம்பை ஒளித்து வைக்கத்தான் வேண்டும். துப்பட்டாவை ஒளிக்க வேண்டியதில்லை. அது ஆசிரியையின் தோளிலேயே கிடக்கிறது. ஆகவேதான் கூறுகிறோம்: தண்டனை என்ற சொல் போதாது, கட்டுதல் என்ற சொல்லே பள்ளி விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்பட வேண்டும்.

எதிர்வாதம் எழும் என்பது நமக்குத் தெரியும். நாமும் கரும்பலகைக்கு முன் நிற்பவர்கள்தாமே!

"நாற்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர். ஒருவன் ஓடுகிறான். அவன் பின்னால் ஓடினால் முப்பத்தொன்பது பேரை யார் பார்ப்பது?" என்கிறார் நண்பர். நியாயமான கேள்வி! ஆனால் அந்தக் கேள்வியை அவர் யாரிடம் கேட்க வேண்டும்? இன்னோர் ஆசிரியரைத் தராத நிருவாகத்திடம் அல்லவா? நிருவாகத்திடம் கேட்க அச்சம். ஆகவே பிள்ளையைக் கட்டுகிறார். மேலே இருப்பவனின் கஞ்சத்தனத்துக்குக் கீழே இருக்கும் குழந்தை வட்டி கட்டுகிறது! 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஊனமுற்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை வகுக்கச் சொன்னது. அந்த அளவைக் கேளுங்கள்! கூட்டம் போட்டுக் கேளுங்கள்! ஆசிரியர் சங்கத் தீர்மானத்திலே, ஊதிய உயர்வுக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதுங்கள்!

"சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். சாலையில் பாய்கிறான். பார்த்துக்கொண்டு நிற்பதா?" என்கிறார் இன்னொருவர். நிற்கச் சொல்லவில்லை. பாயும் பிள்ளையைப் பற்றி இழுப்பது மனிதக் கடமை. முட்டும் தலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையை வைப்பது தாய்மை. ஆனால் கைக்கும் கயிற்றுக்கும் வேறுபாடு உண்டு. கை பிடிக்கும், ஆபத்து நீங்கியதும் விடும். பிடிக்கும் கைக்கு வலிக்கும், சோர்வு வரும், பிள்ளையின் நாடித் துடிப்பு தெரியும். கயிறு பிடிக்கும், விடாது. அதற்குச் சோர்வும் இல்லை, மனமும் இல்லை. முடிச்சுப் போட்டவர் தேநீர் அருந்தப் போகலாம், முடிச்சு போகாது.

"பெற்ற தாயே வீட்டில் கட்டி வைக்கிறாளே!" என்று மூன்றாமவர் வெற்றிப் புன்னகை பூக்கிறார். ஆம், கட்டி வைக்கிறாள். காலையில் கூலி வேலைக்குப் போகிறாள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பகல்நேரப் பராமரிப்பு மையம் பக்கத்தில் இல்லை. கிணறு திறந்து கிடக்கிறது, சாலை பக்கத்தில் இருக்கிறது. சேலைத் தலைப்பைத் தூணில் முடிந்துவிட்டுக் கண்ணீரோடு போகிறாள். அவளைக் குற்றக் கூண்டில் ஏற்ற நாம் தயாராக இல்லை. அந்த முடிச்சைப் போட்டது அவள் கை. போடவைத்தது நாம் வாழும் சமுதாயம். வேறு வழியே இல்லாத தாய் செய்வதை, சம்பளம் பெறும் நிறுவனம் முன்மாதிரியாகக் காட்டலாமா? அந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகத்தானே அவள் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்தாள்!

கட்டு இல்லாமல் முடியவே முடியாது என்ற இந்தப் பேச்சை உலகம் முன்பே கேட்டிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின் காலத்தில் பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடந்தனர். அங்கே புஸ்ஸேன் என்றொரு கண்காணிப்பாளர். பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே பணியில் அமர்ந்தவர். 1797-இல் அவர் சங்கிலிகளை அகற்றினார். சங்கிலி நீக்கிய பெருமையை உலகம் நெடுநாள் மருத்துவர் பினேலுக்கே சூட்டி மகிழ்ந்தது. முதலில் கழற்றிய கை எளியவன் கை! இங்கிலாந்தில் லிங்கன் நகர மனநோய் விடுதியில் 1838-இல் கார்டினர் ஹில் கட்டுகளை முற்றாக ஒழித்தார். மறு ஆண்டே, நூற்றுக்கணக்கான நோயாளிகள் நிறைந்த ஹான்வெல் விடுதியில் ஜான் கனோலி அதையே செய்தார். "கொலை விழும், கூரை இடியும்" என்று எச்சரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். கூரை இடியவில்லை. கட்டுக்குப் பதிலாக அவர்கள் வைத்தது என்ன? விழிப்பான பணியாளர், இரவுக் காவல், கனிவான சொல், செய்வதற்கு ஒரு வேலை. மின்விளக்கு ஏறாத காலத்தில் முடிந்தது, மின்னணுக் காலத்தில் முடியாதா?

பிள்ளையின் நடத்தை ஒரு மொழி. வாய்மொழி இல்லாதவனுக்கு அதுவே தாய்மொழி. கையைக் கடிப்பவனுக்குப் பல் வலியாக இருக்கலாம். காதைப் பொத்திக்கொண்டு ஓடுபவனுக்கு ஒலிபெருக்கியின் இரைச்சல் ஊசியாய்க் குத்தலாம். தரையில் புரள்பவனுக்குச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமென்று சொல்லத் தெரியாமலிருக்கலாம். படம் வரைந்த அட்டைகளைக் கொடுங்கள். "தண்ணீர்", "வலி", "போதும்", "வெளியே" என்று அவன் சுட்டிக்காட்டட்டும். இரைச்சலைக் குறையுங்கள். பூட்டாத கதவுள்ள ஓர் அமைதியான மூலையைத் தாருங்கள். வேண்டும்போது அவனே போய், வேண்டும்போது அவனே வரட்டும். எழுந்து சுற்ற நேரம் கொடுங்கள். அவன் பேசுகிறான், நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. எழுத்தறியாதவன் புத்தகத்தைக் கட்டி மூலையில் வைப்பதுபோல், மொழியறியாத நாம் பிள்ளையைக் கட்டி மூலையில் வைக்கிறோம்!

ஆகவே நாம் கேட்பது வானத்து நிலவையல்ல. குப்புறக் கிடத்தி அமுக்குவது, கயிறு துணி பட்டையால் பிணைப்பது, வெளியே தாழிட்டு அடைப்பது ஆகிய மூன்றும் எல்லாப் பள்ளியிலும், எல்லாக் காப்பகத்திலும் பெயர் சொல்லித் தடுக்கப்படட்டும். உடல் தாங்கி உட்கார மருத்துவர் பரிந்துரைத்த பட்டை வேறு. ஆள் இல்லாததால் இறுக்கும் பட்டை வேறு. அந்த வேறுபாடு எழுதி வைக்கப்படட்டும். ஆபத்து நேரத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த நேர்ந்தால், யார் பிடித்தார், ஏன் பிடித்தார், எத்தனை நிமிடம் என்பது அன்றே ஏட்டில் ஏறட்டும். அன்று மாலையே பெற்றோர்க்குத் தெரியட்டும். பள்ளியில் எத்தனை மேசை, எத்தனை கழிவறை என்று எண்ணும் நாடு, கட்டப்பட்ட கைகளையும் எண்ணட்டும். குற்றவாளியின் விலங்குக்குக் காரணம் எழுதச் சொன்ன நாட்டில் இது மிகையான கோரிக்கையா?

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஒரு சிறப்புப் பள்ளி இருக்கும். ஓர் இல்லம் இருக்கும். பிறந்த நாளன்று இனிப்பும் கேக்கும் கொண்டுபோய், புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நின்றுவிடாதீர்கள். சாதாரண நாளில் போங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் போங்கள். வரவேற்பறையோடு திரும்பாமல் வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். நாற்காலியின் பின்புறம் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். கதவின் வெளிப்புறத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணிவோடு கேளுங்கள்: "இது எதற்கு?" அங்கே பணிபுரியும் ஏழைப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவருக்குத் துணைக்கு இன்னும் இருவர் ஏன் இல்லை என்பதை நிருவாகத்திடம் கேளுங்கள். விடை வராவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள்; 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

கடவுளின் பெயரால் கட்டினால் கேள்வி கேட்கத் துணிந்தவர்கள் நாம். சாதியின் பெயரால் கட்டினால் அறுக்கத் துணிந்தவர்கள் நாம். அன்பின் பெயரால் கட்டும்போது மட்டும் கைகட்டி நிற்கலாமா? குழந்தையின் கை கட்டப்பட்டிருக்கும் இடத்தில் நம் கை கட்டற்று இருந்து என்ன பயன்? அதுவும் ஒரு முடிச்சை அவிழ்க்கத்தான் இருக்கிறது.